காத்திருக்கும் நேரம்தான் படபடப்பு
முறை வைத்து ஆடும் சண்டை விளையாட்டுகள் மந்தமானவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். புழு அணிகள் மாறி மாறித் தாக்கிக்கொள்ளும், 1999-இல் வந்த 'வார்ம்ஸ் ஆர்மகெடான்' என்ற கணினி விளையாட்டை இந்த வாரம்தான் முதன்முதலாக ஆடினேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளியின் முறையில்தான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்கிறது! பசூக்கா குண்டைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். கையெறி குண்டைக் காற்று அசைக்காது, ஆனால் அது 1 முதல் 5 நொடிக்குள் எப்போது வெடிக்க வேண்டும் என்று நாமே குறிக்க வேண்டும். இது பிடிபடவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம் ஆயுதமாக வரும் அந்தச் செம்மறி ஆடு! துள்ளிக்கொண்டே போய், நாம் நினைத்த இடத்தில் வெடிக்கிறது. உயிர் தீர்ந்த புழு தானே வெடித்து, பக்கத்தில் நின்ற புழுவையும் தண்ணீரில் தள்ளிவிட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். நிஞ்ஜா கயிற்றில் தொங்கிப் போவது மட்டும் இன்னும் கைவரவில்லை. பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.