பிரேக்கை மாற்றினால் வண்டி செத்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் கூடிய இடத்தில் என் 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளைப் (கூரையை மடக்கித் திறக்கும் வண்டி) பற்றி நடந்த பேச்சை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "விடுங்க, பெரியவர் ஏதோ சொல்லிட்டார்" என்கிறீர்கள். விட முடியவில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால், என் மகள் பக்கத்தில் நிற்கும்போது, "தம்பி, இது இனிமே மஸ்டாங் இல்லை. மஸ்டாங் சட்டை மாட்டின வேற ஏதோ வண்டி" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். டெட்ராய்ட் பக்கம் உள்ள தமிழ் இன்ஜினியர்கள் எல்லோரும் மதிக்கிற மனிதர். அதனால் பதில் பேசாமல் நின்றேன். இப்போது பேசுகிறேன்.

அவர் கண்டுபிடித்த குற்றம் என்ன? முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இரட்டை மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி அறையிலிருந்து அனுப்புவது. தோளைச் சுற்றி வரும் சீட் பெல்ட். அவ்வளவுதான். இன்ஜின் அதே 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8. 200 குதிரைத்திறன், இரண்டு பேரல் கார்ப்பரேட்டர். நிறம்கூடக் கதவுத் தகட்டில் உள்ள கோட் படி அடித்ததுதான்.

1966 மஸ்டாங்கில் நாலு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே ஆயில் வழி. எங்காவது ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு. இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. வண்டி வாங்கிய புதிதில் டெலிகிராஃப் ரோட்டில் சிக்னலை நெருங்கும்போது பெடலை மிதித்தேன். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. திரும்பத் திரும்ப மிதித்தேன், ஒன்றும் இல்லை. கியரை இறக்கி, கை பிரேக்கை இழுத்து, பக்கத்தில் இருந்த புல்வெளியில் ஏற்றித்தான் நிறுத்தினேன். பின் சக்கரத்துச் சின்ன சிலிண்டர் ஒன்றில் ரப்பர் கிழிந்திருந்தது. விரல் நுனி அளவு ரப்பர். பின் சீட்டில் மகள் இருந்தாள். அதற்கப்புறமும் "ஒரிஜினல்" என்று அதே ஒற்றை வழி மாஸ்டர் சிலிண்டரை நான் மாட்ட வேண்டுமா?

அடுத்த வருட மாடலிலேயே, 1967இல், ஃபோர்டே இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிட்டது. டிஸ்க் பிரேக்கோ 1965இலிருந்தே ஆப்ஷன் பட்டியலில் இருந்தது. காசு கொடுத்தவருக்குக் கம்பெனியே முன் சக்கரத்தில் போட்டுக் கொடுத்தது. மஸ்டாங் விற்றதே அந்த ஆப்ஷன் பட்டியலால்தான். அடியில் ஃபோர்டின் சின்ன காரான ஃபால்கனின் பாகங்கள். மேலே ஆறு சிலிண்டரா, வி8ஆ, எந்த கியர், எந்த சீட் என்று வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமாகி இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் வண்டி ஓடியது சும்மா இல்லை. அந்த ஆப்ஷனை அன்றைக்கு ஒருவர் எடுத்திருந்தால் அது மஸ்டாங். இன்றைக்கு நான் போட்டால் இல்லையா?

"அப்படிப் பார்த்தால் புது வண்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதற்கு என்ன சொல்வது? எனக்கு இந்த வண்டிதான் வேண்டும். என் குடும்பம் உயிரோடு வீடு வரவும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை என்றால், சரி, பேராசைதான்.

"மதிப்பு குறையும்" என்பவர்களுக்கு: அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அபூர்வமான 271 குதிரைத்திறன் இன்ஜின் கொண்ட கே-கோட் வண்டி கையில் இருந்தால் நானும் ஒரு போல்ட்டைத் தொடமாட்டேன். ஆனால் 1966இல் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் கன்வெர்ட்டிபிள் வந்தன. என்னுடையது அதில் ஒன்று. மேலும், கழற்றிய பழைய டிரம் பிரேக்குகளை எண்ணெய் பூசிச் சுற்றி கேரேஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன். பிரேக்குக்காக எதையும் வெட்டவில்லை. வேண்டுமென்றால் ஒரு வார இறுதியில் திரும்ப மாட்டலாம். இதைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை.

அவர் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது. கூரை இல்லாத வண்டிக்கு அடித்தளம்தான் முதுகெலும்பு. அதற்காகவே கன்வெர்ட்டிபிளுக்கு மட்டும் கதவுக்குக் கீழே உள்பக்கம் தடிமனான தகடு வைத்தார்கள். மிச்சிகன் பனிக்கால உப்பு அதைத் தின்றிருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் துளைகளில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினேன். கால் வைக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது, சிவப்பாக. தரையை வெட்டுவதற்கு முன் கதவு வாசல் இரண்டிலும் குறுக்கே இரும்புக் குழாய் வெல்ட் பண்ணிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. குளிர்காலம் முழுக்க கேரேஜில் மல்லாந்து படுத்து அந்த வேலையைப் பார்த்தேன். கதவு இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக வந்த அன்று அழுதுவிட்டேன். அந்த இடைவெளியை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. நேராக மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறை இருப்பதைப் பார்த்தார்கள், தீர்ப்பு சொன்னார்கள்.

ஒன்று கேட்கிறேன். "தொடாதே, தொடாதே" என்கிறவர்களின் வண்டிகள் எங்கே? பாதிக்கு மேல் ஷெட்டில் தார்பாய்க்குள் இருக்கின்றன. இந்த வண்டிகளைச் செய்தவர்கள் டியர்பார்ன் ரூஜ் போன்ற ஃபோர்டு ஆலைகளின் தொழிலாளிகள். சாலையில் ஓட வேண்டும் என்றுதான் செய்தார்கள். விபத்துப் பயமும் ஒரு காரணமாக கன்வெர்ட்டிபிளே இந்த நாட்டில் கிட்டத்தட்டக் காணாமல் போனது. 1976 காடிலாக் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என்று சொல்லியே விற்றார்கள். 1982இல் கிரைஸ்லர் லெபாரன் வந்துதான் அது திரும்பியது. பாதுகாப்பைப் பற்றி யோசிப்பவன் கன்வெர்ட்டிபிளுக்கு எதிரி இல்லை. அதை ஓட வைப்பவனே அவன்தான்.

பெரியவர் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, உங்கள் மேல் உள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மகள் "அப்பா, நம்ம வண்டி போலியா?" என்று கேட்டாள். தரையைத் தேய்த்தபோது என்னோடு உட்கார்ந்து துருவைச் சுரண்டியவள் அவள். உங்களுக்கு அது ஒரு வரி கிண்டல். அவளுக்கு அது ஒரு குளிர்காலம்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, பழைய கார்கள் அணிவகுத்து ஓடும் வுட்வர்டு டிரீம் குரூஸுக்கு இதே வண்டியில்தான் போகிறோம். அதற்குள் இன்னொரு வேலையும் முடிக்க வேண்டும். இந்த மாடலில் பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே முழு இரும்புச் சுவர் கிடையாது. பின்னால் யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே தகடு வைத்து அடைக்கப் போகிறேன். அதுவும் ஒரிஜினல் இல்லை. ஷீட்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.