சைலன்சர் மாட்டினால் சிப்பாய்க்குக் காதடைப்பான் வேண்டாமா?

'ரைபிளில் சைலன்சர் மாட்டினால் சத்தமே வராது. இனி போர்முனையில் காதடைப்பான் தேவையில்லை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

எம்-4 போன்ற 5.56 மி.மீ. ரைபிள் சுடும்போது சுடுபவரின் காதருகே எழும் உச்ச ஒலி சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 30 வரை குறைக்கும். மீதி 130 முதல் 140. வெடிச்சத்தத்துக்கு அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் அபாயக் கோடே 140தான். (சினிமாவில் கேட்கும் அந்த 'புஸ்' எடிட்டிங் அறையில் பிறந்தது.)

சைலன்சர் அடக்குவது குழல் வாயில் சீறும் வாயுவின் ஓசையை மட்டுமே. தோட்டா பாய்வது நொடிக்குச் சுமார் 900 மீட்டரில், அதாவது ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான வேகத்தில். அது காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலி அப்படியே இருக்கும். பக்கத்தில் விழும் மோர்ட்டார் குண்டுக்கோ, தலைக்கு மேல் ஹெலிகாப்டருக்கோ சைலன்சர் என்ன செய்யும்?

2020 இறுதியில் அமெரிக்க மரைன் படை தன் காலாட்படைக்குப் பெருமளவில் சைலன்சர் வழங்கத் தொடங்கியது உண்மைதான். சண்டைக்கு நடுவே உத்தரவு காதில் விழவேண்டும் என்பது அதற்கொரு முக்கியக் காரணம். காதடைப்பானுக்கு மாற்றாக அல்ல. பயிற்சியில் சுடுவது ஒரு தோட்டாவோடு முடிவதில்லை. ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி வளர்வதும் இல்லை.