கல் வீட்டுக்குக் கொத்தனாரோடு ஸ்டேக் சாப்பிடப் போனது

போன வாரம் 76 ஹவுஸ் என்ற ஸ்டேக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகத்தின் படத்தைப் போட்டேன். உடனே ஒரு நண்பர், "இவ்வளவு பழைய கல் வீட்டைக் கறிக்கடை ஆக்கிட்டாங்களே, மியூசியமா வச்சிருக்கலாமே" என்று வருத்தப்பட்டிருந்தார். அவருக்கு அங்கேயே பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

முதல் விஷயம், அதை யாரும் கறிக்கடை ஆக்கவில்லை. நியூ ஜெர்சி எல்லையைத் தாண்டியதும் நியூயார்க் மாநிலத்தில் வருகிற டேப்பன் என்ற சின்ன ஊரில், ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் மேபி குடும்பம் நடத்திய சத்திரம் அது. அன்றைக்கும் வழிப்போக்கர்களுக்குக் கறியும் சாராயமும்தான். பாஸ்டன் துறைமுகத்தை ஆங்கிலேயர் மூடியதைக் கண்டித்து ஊர்க்காரர்கள் அங்கே கூடித் தீர்மானம் போட்டது 1774 ஜூலை 4-ஆம் தேதி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்குச் சரியாக இரண்டு வருஷம் முன்னால்! சாப்பிட வந்த இடத்தில் அரசியல் பேசியிருக்கிறார்கள், நம்ம டீக்கடை மாதிரி.

அப்புறம் 1780, சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்க அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டோடு பேரம் பேசிவிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரி மேஜர் ஆந்த்ரே, காலுறைக்குள் காகிதங்களோடு பிடிபட்டார். அவரை அடைத்து வைத்தது இந்தச் சத்திரத்தில்தான். பக்கத்துச் சர்ச்சில் விசாரணை நடந்தது. சிப்பாயாகச் சுட்டுக் கொல்லுங்கள், தூக்கில் போடாதீர்கள் என்று அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. அக்டோபர் 2 அன்று மேட்டில் தூக்கு. நூறு வருஷம் கழித்து ஒரு பணக்காரர் அந்த மேட்டில் நினைவுக்கல் நட்டபோது அதற்கும் வெடி வைத்தார்கள் என்றால் கோபம் எவ்வளவு நாள் இருந்திருக்கிறது பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் கூட்டிப்போனது என் மாமாவை. மார்த்தாண்டம் பக்கம், நாற்பது வருஷம் கொத்தனார் வேலை. மாட்டிறைச்சி அவருக்குப் புதுசில்லை, மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டு வளர்ந்தவர். ஆனால் மெனுவைப் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய் திட்டில் கையை விரித்து அளந்தார். "ரெண்டு சாணுக்கு மேல இருக்கு மக்களே. இது ஒட்டுன கல்லு இல்ல, சொமக்குற கல்லு, பாத்துக்கோ."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முந்தின வாரம் ஹைவேயில் ஒரு ஸ்டேக் ஹவுசுக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். வாசலெல்லாம் கருங்கல். மாமா விரலை மடக்கித் தட்டினார், டொக் டொக்கென்று பலகைச் சத்தம். கல் மாதிரி வார்த்த மெல்லிய சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். விலை என்னவோ நிஜக் கல்லுக்கு உள்ள விலை. கறியும் செருப்புத்தோல் மாதிரி இருந்தது, திருப்பி அனுப்பினேன், திரும்ப அதே துண்டைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்களின் பழைய வீடுகள் பக்கத்திலேயே வெட்டிய செம்பழுப்பு மணற்கல்லில் கட்டியவை. உள்ளே களிமண் சாந்து, அதில் வைக்கோல், மாட்டுமுடி. வெளி இடுக்குகளில் மட்டும் மழைக்குத் தாங்கச் சுண்ணாம்பு. இதை நான் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். "எங்க தாத்தா வீடும் மண்சாந்துதான். கூரை ஒழுகாம, அடுப்பு எரிஞ்சிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. பூட்டிப் போட்டா ரெண்டு மழை போதும்."

நண்பருக்கு என் பதிலும் இதுதான். மியூசியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாஷிங்டன் தங்கியிருந்த டிவின்ட் வீடு அதே ஊரில் மியூசியமாகத்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் ஒரு சத்திரத்தைச் சத்திரமாகவே வைத்திருப்பதில் என்ன குறை? ஓடு மாற்றவும் உத்திரத்தைப் பார்த்துக்கொள்ளவும் காசு அந்த ஸ்டேக்கிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒற்றன் கதையை எல்லோரும் ரசித்துக் கேட்கிறோம். அந்தக் காலத்து அடுப்படியில் நின்றவர்களைப் பற்றி நாம் யாரும் கேட்பதில்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து டச்சுப் பண்ணை வீடுகளில் அடிமைகள் வைத்திருப்பது சாதாரணமாக இருந்தது. சமையல் அவர்கள் கையில், படுக்கை நிலவறையிலோ பரணிலோ. நியூயார்க்கில் அடிமை முறை முழுசாக ஒழிந்தது 1827-இல், அதுவும் ஜூலை 4. உரிமைத் தீர்மானம் போட்ட அதே தேதிதான், ஆனால் நடுவில் 53 வருஷம். மெனு அட்டையின் பின்பக்கத்தில் இதற்கும் நாலு வரி எழுதினால் யாருக்கும் பசி அடங்கிவிடாது.

ஸ்டேக் வந்தது. நான் மீடியம் ரேர், அதாவது உள்ளே சிவப்பாக அரைவேக்காடு, மாமாவுக்கும் அதையே சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. வெட்டியதும் சிவப்பாகச் சாறு வர, "லே, ரத்தம்" என்றார். அது ரத்தமில்லை மாமா, தசையில் இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நாலு வாய் சாப்பிட்டார், மீதியைப் பொதிந்து வாங்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால் வீடு முழுக்க மிளகு வாசனை. அந்த ஸ்டேக்கைப் பொடிப்பொடியாக நறுக்கி, தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் போட்டுச் சுருள வதக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பம் வெந்துட்டு" என்றார்.