நோரா ஓடிப்போகல, உக்காந்து பேசிட்டுத்தான் போனா

ஞாயித்துக்கிழமை நார்வே நாடகாசிரியர் இப்சனோட 'பொம்மை வீடு' நாடகத்துக்கு வந்தவங்களுக்கு நான் எதப் பத்தி பேசுறேன்னு தெரியும். வராதவங்களும் இந்நேரம் அந்த கடைசி சீன் வீடியோவ வாட்ஸப்ல பாத்திருப்பீங்க. மூலக் கதையில புருஷனையும் புள்ளைங்களையும் விட்டுட்டு வெளிய போற நோரா, இங்க புள்ளைங்க தூங்குற ரூம் வாசல்ல அப்படியே மடிஞ்சு விழுந்து அழறா, திரை விழுது, ஹால் முழுக்க கைதட்டல். அப்புறம் ஒருத்தர் மைக்க பிடிச்சு "நம்ம குடும்பங்களுக்கு ஏத்த மாதிரி முடிவ கொஞ்சம் மாத்தியிருக்கோம், என்ன இருந்தாலும் தாய் தாய்தானே"ன்னாரு. அதுக்கும் கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

நமக்கு ஏத்த மாதிரியெல்லாம் நீங்க ஒண்ணும் புதுசா செய்யலைங்க. 1879ல இப்சன் 'பொம்மை வீடு' எழுதி கோபன்ஹேகன்ல மேடையேறின கையோட, 1880லயே ஜெர்மனில இதே வேலை நடந்துச்சு. ஹெட்விக் நீமன் ராபேன்னு பெரிய நடிகை, "நான்னா என் புள்ளைங்கள விட்டுட்டு போகவே மாட்டேன்"னு சொல்லி அந்த முடிவுல நடிக்க மாட்டேன்னுட்டாங்க. அங்க இப்சனுக்கு காப்புரிமை பாதுகாப்பு கிடையாது, வேற எவனாவது கண்டபடி மாத்துறதுக்குப் பதிலா நாமளே எழுதிக் குடுத்துடலாம்னு வேற வழியில்லாம இதே வாசல்ல விழுற முடிவ எழுதிக் குடுத்தாரு. குடுத்துட்டு, இது நாடகத்து மேல நடந்த காட்டுமிராண்டித்தனம்னு பேப்பருக்கே கடுதாசி எழுதினாரு. எழுதினவரே அப்படிச் சொன்ன முடிவத்தான் நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு தூக்கிட்டு வந்து நம்ம பண்பாடுங்கறீங்க.

முடிவ மாத்துனத விட எனக்கு வலிச்சது வேற. அந்த மேஜைப் பேச்ச வெட்டிட்டாங்க. நோரா ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனவ இல்லைங்க. டிரஸ்ஸ மாத்திட்டு வந்து, "உக்காரு, பேசணும்"னு புருஷன எதிர்ல உக்கார வச்சு, கல்யாணமாகி எட்டு வருஷத்துல நாம சீரியஸா பேசுறது இதான் முதல் தடவைன்னு சொல்லி, அவன் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லி, மோதிரத்த கழட்டிக் குடுத்து, அவன் மோதிரத்த திருப்பி வாங்கி, வீட்டுச் சாவிய வச்சுட்டுப் போறா. அந்தப் பேச்சுத்தான் நாடகமே. அத ரெண்டு நிமிஷமா சுருக்கிட்டா நோரா ஏதோ கோவத்துல கிளம்பினவ மாதிரிதான் தெரிவா.

சரி, அவ செஞ்ச குத்தம்தான் என்ன? புருஷன் சாகக் கிடக்கான், இத்தாலிக்கு கூட்டிட்டுப் போனாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்றாரு, புருஷன் சம்மதம் இல்லாம பொண்டாட்டி கடன் வாங்க முடியாது, அப்பாவும் படுத்த படுக்கை. அப்பா பேர்ல தானே கையெழுத்து போட்டு நார்வே காசுல 4,800 குரோனர் கடன் வாங்குறா. அப்புறம் வருஷக்கணக்கா தன் துணிமணிக்கு குடுத்த காசுல மிச்சம் பிடிச்சு, தையல் வேலை செஞ்சு, ராத்திரி கதவ சாத்திட்டு உக்காந்து நகல் எழுதி, அவனுக்கே தெரியாம அடைக்கிறா. விஷயம் வெளிய வந்ததும் அவன் என்ன சொன்னான்? பொய்க்காரி, குற்றவாளி, இனி புள்ளைங்கள உன் கையில வளக்க விடமாட்டேன். கடன் குடுத்தவன் பத்திரத்த திருப்பி அனுப்பினதும் "நான் தப்பிச்சேன்"ங்கறான். "அப்ப நான்?"னு அவ கேக்கறா. இங்க மறுபடி சொல்றேன், தாய் தாய்தானேன்னு மைக்ல பேசினவருக்காக சொல்றேன், புள்ளைங்கள அவகிட்ட இருந்து முதல்ல பிரிச்சது அவன் வாய்தான்.

எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. மாமாவுக்கு ஆபரேஷன் சமயத்துல அம்மா வீட்டுல போட்ட செயின அடகு வச்சாங்க, யார்கிட்டயும் மூச்சு விடல. அந்த அடகுச் சீட்டு அரிசி டின்னுக்குள்ள பாலிதீன் கவர்ல சுத்தி இருக்கும், எனக்கு மட்டும் காட்டியிருக்காங்க. பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்கெல்லாம் ஹெம்மிங் பண்ணி, ஹூக் தச்சு, மாசாமாசம் வட்டி கட்டினாங்க. மாமாவுக்கு தெரிஞ்ச அன்னைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல எவனெவனுக்கு இது தெரியும்?" உசுர காப்பாத்தினியேன்னு ஒரு வார்த்தை இல்ல. அத்தை எங்கயும் போகல, இன்னைக்கும் அந்த வீட்லதான் இருக்காங்க. போகாதவங்களோட நியாயமும் எனக்குத் தெரியும், அதனாலதான் போனவள கேவலப்படுத்தினா தாங்க முடியல.

"அப்ப எல்லாரும் புருஷன விட்டுட்டு போகணுமா"ன்னு கமெண்ட்ல வருவீங்க. நான் எங்கங்க சொன்னேன்? அதே நாடகத்துல நோராவோட பழைய தோழி லிண்டே தனியா இருந்து அலுத்துப்போய் ஒருத்தனோட சேந்து வாழப் போறாங்க, ரெண்டு பேரும் எல்லா உண்மையும் தெரிஞ்சு சேர்றாங்க. இப்சன் கல்யாணத்துக்கு எதிரி இல்ல.

"வெளிய போய் எப்படி பிழைப்பா"ன்னு கேக்குறவங்கள மதிக்கிறேன், அது நல்ல கேள்வி. 1923லயே சீனாவுல எழுத்தாளர் லூ சுன் இதத்தான் கேட்டாரு, கையில காசு இல்லாம போன நோரா ஒண்ணு கெட்டுப்போகணும் இல்ல திரும்பி வரணும்னு. நார்வேல கல்யாணமான பொண்ணு சம்பாதிச்சது அவளுக்கே சொந்தம்னு சட்டம் வந்ததே 1888லதான். ஆனா அதுக்கு பதில் அவ கையில காசு இருக்கணும்ங்கறது, வாசல்ல விழ வைக்கிறது இல்ல.

"நாடகத்துல நடக்கும், நிஜத்துல நடக்குமா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. நிஜத்துல நடந்தது இத விட மோசம். லாரா கீலர்னு ஒரு எழுத்தாளர், இப்சனுக்கு தெரிஞ்சவங்க, காசநோய் வந்த புருஷனுக்காக ரகசியமா கடன் வாங்கி, அடைக்க முடியாம கையெழுத்து மோசடி வரைக்கும் போயிட்டாங்க. அந்தப் புருஷன் அவங்கள மனநல விடுதியில சேத்துட்டான், புள்ளைங்களையும் பிரிச்சான். புள்ளைங்களுக்காக அவங்க அப்புறம் அவன்கிட்டயே திரும்பிப் போனாங்க. நீங்க கைதட்டின முடிவு அதுதான்.

கடைசியா புள்ளைங்க. புள்ளைங்கள யார் பாத்துக்குவா, புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு. அந்த வீட்ல ஆன் மேரின்னு ஒரு ஆயா இருக்காங்களே, நோராவையே வளத்தவங்க, ஞாபகம் இருக்கா? ஏழை, ஏமாந்து போனவ, நல்ல வேலை கிடைக்குதுன்னு தன் சொந்தப் பொண்ண வேத்து ஆளுங்ககிட்ட விட்டுட்டு இந்த வீட்டுக்கு வந்தவங்க. உன்னால எப்படி முடிஞ்சுதுன்னு நோரா கேக்கறா. அந்தப் பொண்ணுகிட்ட இருந்து தேவாலயத்துல உறுதிபூசுதல் அப்ப ஒரு கடுதாசி, கல்யாணத்தப்ப ஒரு கடுதாசி வந்துச்சு, என்னைய மறக்கலன்னு சொல்றாங்க. பணக்கார வீட்டுப் புள்ளைய வளக்க தன் புள்ளைய விட்டுட்டு வந்த இந்தத் தாய்க்காக ஞாயித்துக்கிழமை ஒரு ஆளு மைக்க பிடிச்சீங்களா?