ரெண்டாந்தரம் கேட்டா ஜனநாயகம் செத்துப்போகுமா?

எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல லண்டன் ஆக்கள் ரெண்டு கட்சியா நிண்டு அடிபடுறதப் பாத்துச் சலிச்சுப்போய்த்தான் இத எழுதுறன். விஷயம் பழசுதான், பிரெக்சிட். 2016 ஜூன் 23ல பிரித்தானியாவுல சர்வசன வாக்கெடுப்பு வச்சாங்க, ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளிய போவம் எண்டு 51.9 வீதம், இருப்பம் எண்டு 48.1 வீதம். திரும்ப ஒருக்கா கேட்டிருக்கலாம்தானே எண்டு ஒரு மச்சான் சொல்ல, மத்த மச்சான் (இவர் வெளிய போவம் எண்டு புள்ளடி போட்டவர், இஞ்ச இருந்து ஓடிப்போய் அங்க குடியேறினவர், அத விடுவம்) "சனம் சொன்னாச் சொன்னதுதான், திரும்பக் கேக்கிறது சனத்த மடையனாக்கிற வேலை" எண்டு நீளமா ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். நான் அங்க ஒண்டும் எழுதல. எழுதினா அடுத்த கல்யாண வீட்டுல முகம் பாக்க ஏலாது.

ஆனா அந்தக் கதை சரியில்ல. ஒருக்காச் சொன்னா முடிஞ்சுது எண்டா 2016 வாக்கெடுப்பே நடந்திருக்கக் கூடாது. 1975ல அதே நாட்டுல அதே மாதிரிக் கேள்வி கேட்டு, 67 வீதமான சனம் ஐரோப்பாவோட இருப்பம் எண்டு சொல்லிட்டுது. 41 வருஷம் கழிச்சுத் திரும்பக் கேக்கக்குள்ள வெளிய போக நிண்ட ஆக்கள் ஒருத்தரும் "75ல சொன்ன சனத்த அவமதிக்காதீங்க" எண்டு கத்தல. அப்ப திரும்பக் கேக்கிறது பிழையில்ல, சீக்கிரமாக் கேக்கிறதுதான் பிழை எண்டுதான் வாதம் வந்து நிக்கும். எவ்வளவு சீக்கிரம் எண்டா சீக்கிரம்? அத ஆர் முடிவெடுக்கிற?

இன்னொரு பகிடி. 2019ல அங்க பிரதமரா இருந்த தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்த பாராளுமன்றத்துல ஜனவரியில ஒருக்கா, மார்ச்சுல ரெண்டு தரம் எண்டு மூண்டு தரம் வாக்குக்கு விட்டாங்க, மூண்டு தரமும் தோத்துது. எம்பிமாருக்கு மூண்டு மாசத்துக்குள்ள மூண்டு தரம் யோசிக்க இடம் குடுக்கலாம், சனத்துக்கு ரெண்டாந்தரம் குடுத்தா ஜனநாயகம் செத்துப்போகும், இது என்ன கணக்கு? இவ்வளவுக்கும் 2016 வாக்குச்சீட்டுல இருந்தது இருக்கிறதா போறதா எண்ட கேள்வி மட்டும்தான். எப்பிடிப் போறது, ஒன்றிய நாடுகள் தடையில்லாம வியாபாரம் செய்யிற தனிச்சந்தையில இருந்தும் போறதா, அயர்லாந்து எல்லையில என்ன செய்யிற, ஒண்டும் அதுல இல்ல. அந்த விபரம் எல்லாம் எழுதி முடிஞ்ச பிறகு "இதுதான் சாமான், இது வேணுமா" எண்டு கேட்டா அது பழைய கேள்விய திரும்பக் கேக்கிறது எண்டு என்னால எடுக்க ஏலாது.

அதுக்காக மத்த மச்சான்ட கதை முழுக்கப் பிழை எண்டும் சொல்ல மாட்டன். அயர்லாந்தப் பாத்தா அவருக்கு வாற கோவம் எனக்கும் கொஞ்சம் வரும். 2008ல லிஸ்பன் எண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்துக்கு 53 வீதம் வேணாம் எண்டுது, அடுத்த வருஷமே திரும்ப வச்சு 67 வீதம் வேணும் எண்டு எடுத்தாங்க. அதுக்கு முதல் 2001, 2002ல நீஸ் எண்ட இன்னொரு ஒன்றிய ஒப்பந்தத்துக்கும் இதே கூத்துத்தான். டென்மார்க்கிலயும் மாஸ்ட்ரிக்ட் எண்ட ஒன்றிய ஒப்பந்தத்துக்கு 1992ல வேணாம், 1993ல வேணும். சனம் வேணாம் எண்டா திரும்பக் கேப்பாங்க, வேணும் எண்டா அதோட பெட்டிய மூடிருவாங்க. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு இது. ஆனா இடைப்பட்ட காலத்துல என்ன நடந்தது எண்டும் பாக்கணும். நீஸ் முதல் வாக்கெடுப்புக்கு வந்ததே 35 வீதம் சனம்தான். லிஸ்பனுக்கு வரி, நடுநிலைமை, ஒன்றியத்துல ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆணையாளர் எண்டு உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வந்தாங்க. ரெண்டாந்தரமும் வேணாம் எண்டு சொல்ல சனத்துக்கு உரிமை இருந்தது. அதே அயர்லாந்துல விவாகரத்துக்கு 1986ல 63 வீதம் வேணாம் எண்டு சொல்லி, 1995ல வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்துல வேணும் எண்டு வந்தது. ஒம்பது வருஷத்துல சனத்துட மனம் மாறியிருக்கு, அத கேட்டாத்தானே தெரியும்.

நம்மட வயல்காரனுக்கு இது விளங்காத விஷயமே இல்ல. மட்டக்களப்புப் படுவான்கரையில எங்கட மாமாக்குக் கொஞ்சம் வயல், அவரோட பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நானும் போயிருக்கன். வயல் தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானைமார், கமக்கார அமைப்பு ஆக்கள், நீர்ப்பாசன இஞ்சினியர், எல்லாரும் இருந்து விதைப்பு எப்ப, தண்ணி எப்ப திறக்கிற, மாடு எந்தத் திகதிக்குள்ள வயல விட்டு வெளிய போகணும், சிறுபோகத்துக்கு எத்தின ஏக்கர் எண்டு முடிவெடுப்பாங்க. சத்தம் காதக் கிழிக்கும். மேட்டுவயல்காரன் ஒண்டு கேப்பான், கடைமடைக்காரன் இன்னொண்டு கேப்பான், மாட்டுக்காரன் பின்னால நிண்டு ஏசுவான். எடுத்த முடிவு அந்தப் போகத்துக்கு எல்லாரையும் கட்டும், தோத்தவனும் அதே திகதிக்குத்தான் விதைக்கணும். ஆனா அடுத்த போகம் திரும்பக் கூடுவாங்க, குளத்துல தண்ணி எத்தின அடி எண்டு பாத்துத் திரும்பக் கதைப்பாங்க. போன போகம் தீர்மானிச்சாச்சு, இனிக் கேக்கக் கூடாது எண்டு ஒருத்தன் சொன்னா அவனக் கூட்டத்துல இருக்க விடமாட்டாங்க.

முக்கியமான விஷயம், அடுத்த கூட்டம் வரும் எண்டு எல்லாருக்கும் முதலே தெரியும். வென்றவன் தனக்கு வசதியான நாளாப் பாத்து வைக்கிறதும் இல்ல, தோப்பன் எண்டு பயந்து வைக்காம விடுறதும் இல்ல. இத வச்சுத்தான் நான் எந்த வாக்கெடுப்பையும் பாக்கிறன். எத்தின தரம் கேட்டாங்க எண்டத விட, கேக்கிற திகதி ஆர்ட கையில இருக்கு எண்டதுதான் எனக்குப் பெரிசு.

இத நம்மட நாட்டுல வச்சுப் பாருங்க. லண்டன் மச்சான் மறந்திருப்பார், எங்கட அம்மா மறக்கல. 1982 டிசம்பர் 22, விளக்கா பானையா. இலங்கையில இதுவரைக்கும் நடந்த ஒரே ஒரு சர்வசன வாக்கெடுப்பு அது. 1977ல ஆறில அஞ்சு பெரும்பான்மையோட வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனாட அரசாங்கம், பொதுத்தேர்தல் வச்சா அந்தப் பெரும்பான்மை கைய விட்டுப் போயிரும் எண்டு தெரிஞ்சு, தேர்தல வைக்காம அதே பாராளுமன்றத்த இன்னும் ஆறு வருஷத்துக்கு இழுக்கலாமா எண்டு சனத்திட்ட கேட்டுது. ஓம் எண்டா விளக்கு, இல்ல எண்டா பானை. விளக்கு 54.7 வீதம். ஒரு தேர்தல இல்லாமல் செய்யிறதுக்கு ஒரு வாக்கெடுப்பு! 1989 வரைக்கும் பாராளுமன்றத் தேர்தல் இல்ல, அதுக்குள்ள 83 இனக்கலவரம் நடந்து, யுத்தம் தொடங்கி, இந்தியாவோட ஒப்பந்தம் வந்து, இந்திய ஆமியும் வந்துட்டுது. சனம் ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான் எண்டவர் இதுக்கு என்ன சொல்லுவார்?

அடுத்தது நம்மட கிழக்குக்கு எண்டே எழுதி வச்ச வாக்கெடுப்பு. 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு, வடக்கோட சேந்து ஒரே மாகாணமா இருக்கிறதா, கிழக்கு தனிய இருக்கிறதா எண்டு கிழக்குச் சனத்திட்ட 1988 டிசம்பர் 31க்கு முதல் கேக்கணும், சாதாரண பெரும்பான்மை போதும் எண்டு. அதுக்குக் கீழயே இன்னொரு வரி, ஜனாதிபதி தன்ட விருப்பத்துக்கு அத ஒத்திவைக்கலாம் எண்டு. அந்த வரிதான் எல்லாத்தையும் திண்டுது. ஜனாதிபதிமார் மாறினாங்க, ஒத்திவைப்பு மட்டும் மாறல. கடைசியில 2006 அக்டோபர்ல ஜேவிபி கட்சிப் பக்கத்து ஆக்கள் போட்ட வழக்குல, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாச் சேத்து ஜனாதிபதி போட்ட பிரகடனமே செல்லாது எண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2007ல இருந்து ரெண்டு மாகாணமாப் போச்சு. சேத்தது ஒரு ஜனாதிபதிட கையெழுத்து, பிரிச்சது நீதிபதிமார்ட தீர்ப்பு. மட்டக்களப்பான், அம்பாறையான், திருகோணமலையான் ஒருத்தனிட்டயும் ஒருக்காக்கூடக் கேக்கல. ரெண்டாந்தரம் கேக்கிறது நியாயமா எண்டு லண்டன்ல நிண்டு விவாதிக்கிறவங்களப் பாத்தா எனக்குச் சிரிப்பு வாறது இதாலதான், நமக்கு முதலாந்தரமே வரல மனே.

கேட்டிருந்தா என்ன வந்திருக்கும்? ஆளாளுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கான். இஞ்ச தமிழன், முஸ்லிம், சிங்களவன் எண்டு மூண்டு சமூகம், ஒண்டும் பாதியத் தாண்டாது. 88ல ஐம்பத்தொண்டுக்கு நாப்பத்தொம்பது எண்டு எந்தப் பக்கம் வந்திருந்தாலும் ஊருக்கு ஊர் எல்லை கிழிச்சிருக்கும். இந்த இடத்துல அடிக்கடி கேக்கக் கூடாது எண்டவங்கட பயம் எனக்கு நல்லா விளங்குது. ஒரு பிரதேச சபைத் தேர்தல் வந்தாலே கல்முனைப் பக்கம் சந்தையில ஆள் ஆளோட கதைக்கிற விதம் மாறும். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா இணைப்பா பிரிப்பா எண்டு கேட்டுக்கொண்டிருந்தா சனம் நிம்மதியாக் குடியிருக்க ஏலாது. கனடாவுல இருந்து பிரியிறதா எண்டு கியூபெக் மாகாணத்துல 1980ல ஒருக்கா, 1995ல ஒருக்கா, ரெண்டாவதுல பிரிவம் எண்டவங்க 49.4 வீதத்துல தோத்தாங்க, அதுக்குப் பிறகு சனமே போதும் எண்டு களைச்சுப்போச்சு.

முதலே எழுதி வச்சாக்கூட திகதி ஒரு பக்கத்தான்ட கையில இருந்தா நாறிரும். பிரான்சுட ஆட்சிக்குக் கீழ இருக்கிற நியூ கலிடோனியாத் தீவுல சுதந்திரத்துக்கு மூண்டு தரம் வரைக்கும் கேக்கலாம் எண்டு ஒப்பந்தம். 2018ல 56.7 வீதம் வேணாம், 2020ல 53.3 வீதம் வேணாம், ரெண்டு தரமும் சனம் அள்ளுண்டு வந்தது. மூண்டாவதுக்கு, கொரோனாவுல செத்த ஆக்களுக்குத் துக்கம் காக்கிறம், தள்ளி வையுங்க எண்டு கனக் ஆதிவாசிகள் கேக்க, ஏலாது எண்டு 2021 டிசம்பர்லயே வச்சாங்க. அவங்க பகிஷ்கரிக்க 96.5 வீதம் வேணாம் எண்டு வந்தது, வாக்களிச்சது 44 வீதம். அந்த 96.5ஐ ஆர் மதிக்கிற?

திகதி சனத்திட கையில இருக்கிற நாடும் இருக்கு. சுவிசுல 18 மாசத்துக்குள்ள ஒரு லட்சம் கையெழுத்துச் சேத்தா அரசியலமைப்ப மாத்தவே வாக்கெடுப்புக் கேக்கலாம், அரசாங்கம் விரும்பினாலும் விரும்பாட்டியும். அங்க 1959ல பொம்புளையளுக்கு வாக்குரிமை வேணாம் எண்டு ஆம்புளையள் மட்டும் வாக்குப் போட்டு 67 வீதத்தால தோக்கடிச்சாங்க, 1971ல திரும்பக் கேட்டு வந்தது. அங்க இருக்கிற நம்மட பொடியன் பிள்ளையள் பிரஜாவுரிமை எடுத்து வருஷத்துக்குப் பல தரம் புள்ளடி போடுதுகள். இஞ்ச கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர்ல காலம் முடிஞ்சு கலைஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்ல, ஆளுநர்ட ஆட்சிதான்.

புது அரசியலமைப்பு வரும் எண்டு வாற அரசாங்கம் எல்லாம் சொல்லுது. வந்தா மூண்டில ரெண்டு பெரும்பான்மையோட சர்வசன வாக்கெடுப்புக்கும் போகணும். அண்டைக்கு நான் ஓம் போடுறதா இல்ல போடுறதா எண்டு முடிவெடுக்க முதல் ரெண்டு விஷயம் பாப்பன். ஒண்டு, இத்தின வருஷத்தால இதத் திருத்திக் கேக்கலாம், கேக்கச் சொல்லித் தோத்த பக்கமும் கையெழுத்துச் சேக்கலாம் எண்டு அதுக்குள்ளயே எழுதியிருக்கா. மத்தது, "ஜனாதிபதி தன்ட விருப்பத்துக்கு ஒத்திவைக்கலாம்" எண்ட அந்த வரி எங்கயாவது ஒளிச்சுக் கிடக்கா. கிடந்தா எவ்வளவு நல்ல சட்டமா இருந்தாலும் என்ட புள்ளடி இல்ல எண்டதுக்குத்தான்.