சிலை வேண்டும், சிலையைப் படிக்கிறவள் மட்டும் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை நம் டெல்லித் தமிழர்கள் நடத்திய பரிசளிப்பு விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், எனக்கே நாலு குரூப்பிலிருந்து வந்துவிட்டது. ப்ளஸ் டூவில் அவ்வளவு மார்க் வாங்கிய பெண் மேடையில் நின்று கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்கிறாள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு "படிச்சுட்டு ஜன்பத் மியூசியத்துல டிக்கெட் கிழிக்கப் போறியாம்மா?" என்கிறார். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறார். அரங்கமே சிரிக்கிறது. அவர் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன், சிரித்தவர்களை விட முடியவில்லை. முன் வரிசையில் பாதிப் பேரை நான் மாமா, மாமி என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

இதே மாமாக்கள்தான் 2014 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவிலிருந்து டெல்லிக்குத் திரும்பி வந்தபோது ஃபார்வர்டு போட்டு என் போனையே நிரப்பினார்கள். ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து கான்பெராவில் வாங்கி வைத்திருந்த சிலை. நம்ம சோழர், நம்ம சிலை, நம்ம பெருமை. சரி, நம்முடையதுதான். அதை எப்படி நிரூபிப்பது, சத்தம் போட்டா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எத்தனையோ சிலை வழக்குகளில் ஆதாரமாக நிற்கின்றன. படத்தையும் சிலையையும் அருகருகே வைத்து, சிலையைச் சுற்றியிருக்கும் திருவாசி வளையத்தில் எந்தச் சுடர் உடைந்திருக்கிறது, பீடத்தில் எந்த இடத்தில் தேய்மானம் என்று பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும். அது வாட்ஸப்பில் பழகாது.

திருடுபோய் லண்டன் வரை போன பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1991இல் சிலை திரும்பி வந்ததே, அங்கே போய்ச் சாட்சி சொன்னவர் தொல்லியல் அறிஞர் நாகசாமி. உடனே ஒருவர் "அவர் எம்.ஏ. படித்தது சம்ஸ்கிருதம்" என்று கமெண்டில் வருவார். ஆமாம் சார். ஆனால் கோர்ட்டில் அவரிடம் காளிதாசனைப் பற்றிக் கேட்கவில்லை, சிலையைப் பற்றித்தான் கேட்டார்கள். இவ்வளவு ஏன், அந்த ஜன்பத் மியூசியத்துக்கே இயக்குநராக இருந்த கலை வரலாற்று அறிஞர் சிவராமமூர்த்தி நம் ஊர்க்காரர்தான். டிக்கெட் கவுன்டரோடு நின்றுவிடவில்லை.

"அதெல்லாம் சரி, சோத்துக்கு என்ன வழி?" கேளுங்கள், நியாயமான கேள்விதான், நானும் பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. அரசு மியூசியங்களில் இடம் காலியாகக் கிடக்கும், நிரப்ப மாட்டார்கள், நிரப்பினாலும் ஒப்பந்த வேலை. தனியார் கேலரியில் முதல் வருஷம் பயிற்சி என்று சொல்லி டாக்ஸிக் காசுக்கு வேலை வாங்குவார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் வேலையே இல்லை என்பது உண்மையில்லை. 2023இல் இதே டெல்லியில் அம்ரிதா ஷெர்கில் ஓவியம் ஒன்று 61.8 கோடிக்கு ஏலம் போனது. ஒருவர் கையைத் தூக்கி அந்த விலை கேட்பதற்கு முன்னால் அது அசலா, யார் யார் கை மாறி வந்தது, எங்கே பழுது பார்த்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாமா? நான் செய்வது அந்த மாதிரி வேலைதான். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கான்வாஸுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், நேரே பார்த்தால் தெரியாத வெடிப்பும், பின்னால் யாரோ பூசிய ஒட்டும் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். பின்பக்கம் திருப்பினால் பழைய லேபிள், துருப்பிடித்த ஆணி, முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் எழுதிய எண். ஒரு படத்துக்குச் சில நாள் காலை முழுக்கப் போய்விடும். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், மாமா. வீட்டு வாடகை நான்தான் கட்டுகிறேன்.

மயூர் விஹார் மாமா ஒருவர் இருக்கிறார். நான் எம்.ஏ. சேர்ந்தபோது என் அப்பாவிடம் "பொண்ணைக் கெடுத்துட்டியே" என்றவர். போன வருஷம் அவரே ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பரம்பரைச் சொத்தாம், மகனுக்கு நியூஜெர்சி அனுப்ப வேண்டுமாம், என்ன விலை போகும் என்றார். திருப்பிப் பார்த்தால் பின்னால் புத்தம் புது பிளைவுட். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972 பழம்பொருள் சட்டப்படி வெளியே அனுப்பவே முடியாது, பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சுலபமாகவே கிடைக்கும் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஃபீஸ்? காபிகூட நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து "இது பணக்கார வீட்டுப் பெண்கள் கல்யாணம் வரைக்கும் படிக்கிற படிப்பு" என்பார்கள். என் அப்பா ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய கிளார்க். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேலரித் திறப்பு விழாக்களில் ஒயின் கிளாஸோடு நிற்பவர்கள் இன்றும் என்னிடம் "எந்தக் குடும்பம்?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அங்கே நான் குவார்ட்டர்ஸ் மதராசி, இங்கே டிக்கெட் கிழிப்பவள். அங்கே கேட்பது எனக்குப் பழகிவிட்டது. மார்கழி மாதம் மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர்கள் சிரிப்பதுதான் பழக மாட்டேன் என்கிறது.

எஞ்சினியரிங் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையனை மேடையேற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனுக்கு "மார்க்கெட் டல்". எங்களுக்கு மட்டும் படிப்பே தப்பு. ஒபாமாவும் 2014இல் கலை வரலாற்றுப் பட்டத்தை இப்படித்தான் லேசாகக் கிண்டலடித்தார், ஒரு பேராசிரியை எழுதிக் கேட்டதும் தன் கையாலேயே மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். நம் சிறப்பு விருந்தினர் அமெரிக்க ஜனாதிபதியைவிட பிஸி போலிருக்கிறது.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது என் நம்பரைக் கொடுங்கள். ஜேஎன்யூ, பரோடா, எங்கே எதைப் படிக்கலாம், எந்த இன்டர்ன்ஷிப்புக்குப் போகவே கூடாது என்று உட்கார்ந்து பேசுகிறேன். மாமாக்கள் பழைய படம் எதையாவது தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தால் இனிமேல் ஃபீஸ் உண்டு, ஜிஎஸ்டி தனி.