அந்த வரி பைபிளில் இல்லை

இலவசத் திட்டங்கள் பற்றிய பேச்சில், "தனக்குத் தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார்" என்பது பைபிள் வசனம், ஆகவே அவரவர் பாடு அவரவருக்கு என்பதே கிறிஸ்தவ அரசியல் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்போடு சொல்கிறேன், அந்த வரி பைபிளில் இல்லை. கருத்து ஈசாப் கதைகளிலேயே உண்டு. 1736இல் அமெரிக்க அச்சகர் பெஞ்சமின் பிராங்க்ளின் அந்த வரியைத் தன் பஞ்சாங்கத்தில் அச்சிட்டார்.

தனிமனிதவாதத்தை ஆதரிப்பது உங்கள் உரிமை. ஆனால் அதற்குப் பைபிளைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், ப்ளீஸ். பெரம்பூர் வீட்டில் அம்மாவின் ஓரம் கிழிந்த பைபிளில் லேவியராகமம் 19:9-10க்குக் கீழே பென்சில் கோடு இருக்கிறது: வயலோரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு.

நீங்களே பார்க்கலாம். போனில் தமிழ் பைபிள் செயலியைத் திறந்து 'உதவி' என்று தேடுங்கள். பழைய மொழிபெயர்ப்பென்றால் 'ஒத்தாசை', 'சகாயம்' என்றும் போட்டுப் பாருங்கள்.